துருத்தியும் அணைக்கட்டும்: கார் எஞ்சினில் திறன் கூட்டும் கணக்கு

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலர் என்றால் காப்பியம், கல்வெட்டு, காவிரி என்றுதான் கட்டுரைகள் இருக்கும். இந்த முறை மலர்க் குழுவினர் "வீட்டுப் பிள்ளைகளும் எடுத்துப் படிக்கிற மாதிரி ஒன்று எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே எஞ்சினைப் பற்றி எழுதுகிறேன். காவிரியும் இதில் வரும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக பெல்ட், பேரிங், புல்லி வியாபாரம் செய்கிறவன் நான். ஜைனன் என்று தெரிந்ததும் பலர் "சேட்டு" என்று கூப்பிடுவார்கள். நான் மார்வாடி அல்ல. வந்தவாசிப் பக்கத்து நயினார், தாய்மொழி தமிழ். பொறியியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கடைக்கு வரும் மெக்கானிக்குகளிடம் கேட்டதும், பழைய புத்தகக் கடைகளில் வாங்கிப் படித்ததும்தான் என் படிப்பு.

கடைக்கு வரும் இளைஞர்கள் சிலர் கேட்கும் கேள்வி இது: "ஐயா, சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி கிடைக்குமா? பூஸ்ட் ஏத்தணும்." டர்போ கார் வைத்திருப்பவர்கள் புல்லி கேட்பதில்லை. அவர்கள் கம்ப்யூட்டரில் "ரீமேப்" செய்தால் போதுமா என்று கேட்கிறார்கள். 2023 மார்ச்சில் பெங்களூர் – மைசூர் விரைவுச் சாலை திறந்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. "இருக்கு, இல்லை" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பக்கூடிய கேள்வி அல்ல இது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எஞ்சின் விடும் மூச்சு

பெட்ரோல்தான் காரை ஓட்டுகிறது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சி விடலாம், காற்றைத்தான் உள்ளே கொண்டுபோவது கஷ்டம். ஆகவே எஞ்சினின் திறனைத் தீர்மானிப்பது அது இழுக்கும் காற்றின் எடை.

இரண்டு லிட்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் சிலிண்டர் காற்றை இழுக்கும். நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடினால், முழுசாக நிரம்புகிறது என்றே வைத்துக்கொண்டாலும், 6000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. சென்னையில் 30 டிகிரி வெயிலில் அதன் எடை சுமார் 7 கிலோ. அதற்கு வேண்டிய பெட்ரோல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் அந்த எஞ்சினின் சாப்பாடு.

மேட்டுக்குப் போகப் போகக் காற்று இளகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காற்றின் அழுத்தம் சென்னையைவிட 8 சதவீதம் குறைவு. 2240 மீட்டர் உயர ஊட்டியில் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. பழைய அம்பாசடரில் குடும்பத்தோடு கூடலூர் வழியாக ஊட்டிக்கு ஏறியவர்களுக்கு அந்த மூச்சுத் திணறல் நினைவிருக்கும். வண்டி கிழடானது மட்டும் காரணமில்லை, காற்றும் குறைந்துபோனது.

துருத்தி வந்த வழி

அடுப்புக்குக் காற்று போதவில்லை என்றால் நம் கொல்லர் என்ன செய்வார்? துருத்தி வைப்பார். சூப்பர்சார்ஜர் என்பதும் துருத்திதான். இதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற காற்றூதும் இயந்திரம் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று கொடுக்கத்தான் பயன்பட்டது. ஒன்றோடொன்று பிணைந்து சுழலும் இரண்டு உருளைகள், அவ்வளவுதான். அதே வடிவம் பின்னால் கார் எஞ்சினில் ஏறியது. மெர்சிடிஸ் நிறுவனம் 1921-ல் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் கார்களைக் காட்டியது. நம் நாட்டிலும் சி 200 கொம்ப்ரெசர் என்று பின்புறம் எழுதிய மெர்சிடிஸ் கார்கள் விற்றன. "கொம்ப்ரெசர்" என்று அவர்கள் சொல்வது இந்தத் துருத்தியைத்தான்.

டர்போவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சூப்பர்சார்ஜரை எஞ்சினின் கிராங்க் தண்டே பெல்ட் மூலம் சுழற்றும். டர்போவை, வீணாக வெளியே போகும் புகைக்காற்று சுழற்றும். சூப்பர்சார்ஜர் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் பதில் சொல்லும், ஆனால் எஞ்சினிடமே கூலி வாங்கும். டர்போ சற்றுத் தாமதித்துப் பேசும், கூலி குறைவு. எரிபொருள் சிக்கனம் கருதி இன்றைய புதிய கார்களில் பெரும்பாலும் டர்போவே இருக்கிறது. ஆனாலும் கீழே சொல்லும் கணக்கு இரண்டுக்கும் பொருந்தும்.

அடி வேறு, கன அடி வேறு

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். பூஸ்ட் என்றால் என்ன? வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் துருத்தி ஏற்றிவைத்த அழுத்தம். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று மீட்டர் காட்டும். வெளிக்காற்று கடல் மட்டத்தில் 14.7 பவுண்டு. (மேலே சொன்ன 14.7 கிலோ காற்றும் இந்த 14.7 பவுண்டும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பூஸ்ட் கூடினால் திறன் கூடும் என்று பிள்ளைகள் நேராக முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கேதான் கிருஷ்ணராஜ சாகரம் உதவிக்கு வருகிறது. நம் வீடுகளில் எல்லோருக்கும் இந்த அணையின் கணக்கு பாடம். உச்ச மட்டம் 124.80 அடி. மழைக்காலத்தில் பேப்பரைத் திறந்தால் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அணையில் இத்தனை அடி. இன்னொன்று, இத்தனை கன அடி திறப்பு. அடி என்பது தேங்கி நிற்பது, கன அடி என்பது பாய்ந்து போவது. வயலில் நிற்கும் விவசாயிக்கு, மாண்டியாவானாலும் தஞ்சாவூரானாலும், வேண்டியது கன அடி.

பூஸ்ட் மீட்டர் காட்டுவது அடிக் கணக்கு. எஞ்சினுக்கு வேண்டியது கன அடிக் கணக்கு, அதாவது விநாடிக்கு எத்தனை கிராம் காற்று சிலிண்டருக்குள் போயிற்று என்பது. மதகு அதே அளவு திறந்திருந்தால் மட்டம் உயர உயரப் பாய்ச்சலும் கூடும், உண்மைதான். ஆனால் மதகு அடைத்துக்கொண்டாலும் மட்டம் உயரும்! வால்வு வழியில் கரி படிந்திருந்தாலும், சைலன்சர் குழாய் குறுகலாக இருந்தாலும், துருத்தி தள்ளும் காற்று உள்ளே போக முடியாமல் நின்று மீட்டரில் பூஸ்ட் ஏறும். திறன் ஏறாது. அதே காரில் காற்று வழியை அகலப்படுத்திப் புகைக்குழாயையும் சரி செய்தால் மீட்டர் முள் கொஞ்சம் இறங்கும், வண்டி முன்னைவிட வேகமாகப் போகும். முள் இறங்கியதே என்று புது ஆட்கள் பயந்துபோவார்கள். பயப்பட வேண்டாம், மதகு திறந்துவிட்டது என்று பொருள்.

ஒரு வியாபாரக் கணக்கு

வியாபாரிக்கு நிகர லாபம்தான் கண்ணில் நிற்கும். போட்டுப் பார்ப்போம்.

நம் இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு ரூட்ஸ் வகைத் துருத்தி வைத்து அழுத்தத்தை ஒன்றரை மடங்கு ஆக்குகிறோம். பூஸ்ட் 7 பவுண்டுக்குச் சற்று மேல். காற்றும் ஒன்றரை மடங்கு போகுமா? போகாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமல்லவா, அதுபோல அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சூடான காற்று விரியும், எடை குறையும். துருத்தியின் செயல்திறன் 60 சதவீதம் என்று வைத்தால், 30 டிகிரிக் காற்று சுமார் 92 டிகிரியாக வெளியே வரும். ஐம்பது சதவீதம் அழுத்தம் கூட்டியும் கையில் கிடைக்கும் கூடுதல் காற்று 25 சதவீதம்தான்.

சரி, பூஸ்டை இரட்டிப்பாக்கி 14.7 பவுண்டுக்குக் கொண்டுபோவோம். காற்று 141 டிகிரிக்குப் போய்விடும். அழுத்தம் இரண்டு மடங்கு, காற்றின் எடையோ 46 சதவீதம்தான் அதிகம். இந்தத் துருத்தியைச் சுழற்ற எஞ்சின் தன் கையிலிருந்து கொடுக்கும் கூலி, முதல் கணக்கில் சுமார் 12 குதிரைத்திறன், இரண்டாவதில் சுமார் 25. அசல் ஏற ஏற வட்டி விகிதமும் ஏறுகிற கடன் இது.

இப்போது இன்னொன்று செய்வோம். பூஸ்டை 7 பவுண்டிலேயே விட்டுவிட்டு, நடுவில் இன்டர்கூலர் என்னும் காற்று குளிர்விப்பானை வைத்து, 92 டிகிரிக் காற்றை 50 டிகிரிக்கு இறக்குவோம். காற்று வழியில் ஏற்படும் சிறு நஷ்டத்தைத் தள்ளிவிட்டால், கிடைக்கும் கூடுதல் காற்று 40 சதவீதம். பூஸ்டை இரட்டிப்பாக்கிக் கிடைத்ததற்கு ஏறக்குறைய சமம், கூலியோ கிட்டத்தட்டப் பழைய கூலிதான். சின்ன புல்லி கேட்டு வருகிறவர்களிடம் "முதலில் காற்றைக் குளிர வையுங்கள்" என்று நான் சொல்வது இதனால்தான்.

மைசூர் பெயர் தாங்கிய படை

பூஸ்டை ஏற்றிக்கொண்டே போனால் எதுவரை போகலாம்? இதற்கு உலகம் கண்ட பெரிய உதாரணம் இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் விமான எஞ்சின். அதில் நமக்கும் ஒரு பந்தம் உண்டு. மைசூர் சமஸ்தானத்தின் நன்கொடையை முன்னிட்டு, 1941 ஜூனில் அமைந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 129-ஆவது பிரிவுக்கு மைசூர் என்றே பெயர் வைத்தார்கள். அதன் சின்னம் மைசூர் அரச சின்னமான இருதலைக் கண்டபேரண்டப் பறவை. அவர்கள் ஓட்டியது மெர்லின் எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயர் விமானங்கள்.

மெர்லின் 27 லிட்டர், 12 சிலிண்டர். போர் தொடங்கியபோது 87 ஆக்டேன் பெட்ரோலில், ஆறே கால் பவுண்டு பூஸ்டில் சுமார் 1030 குதிரைத்திறன் கொடுத்தது. அதற்கு மேல் பூஸ்ட் ஏற்றினால் பெட்ரோல் தாங்காது. 1940-ல் 100 ஆக்டேன் பெட்ரோல் புழக்கத்துக்கு வந்ததும், பூஸ்ட் 12 பவுண்டுக்கும் திறன் தாழ்ந்த உயரங்களில் சுமார் 1300 குதிரைத்திறனுக்கும் ஏறியது. எஞ்சின் அதே எஞ்சின், மாறியது பெட்ரோல்.

அடுத்ததாக, 1938-ல் அந்த நிறுவனத்தில் சேர்ந்த ஸ்டான்லி ஹூக்கர் என்ற கணித வல்லுநர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, துருத்தியின் உள்வழிகளில் காற்று எங்கே முட்டி வீணாகிறது என்று கணக்கிட்டார். நுழைவாயிலைத் திருத்தினார். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு துருத்திகள், அவற்றுக்குப் பின் ஒரு இன்டர்கூலர் என்று மெர்லின் வளர்ந்தது.

1944 ஜூனில் ஜெர்மனி, லண்டன் மீது வி-1 என்னும் ஆளில்லாப் பறக்கும் குண்டுகளை ஏவியது. அவற்றின் வேகம் மணிக்கு 640 கிலோமீட்டர் அளவில். துரத்திப் பிடிக்கவே விமானங்கள் திணறின. மைசூர் பிரிவு அப்போது மெர்லின் பொருத்திய மஸ்டாங் விமானங்களோடு இந்த வேட்டையில் இருந்தது. அந்தக் கோடையில் இந்தக் குண்டுகளைத் துரத்திய மெர்லின் விமானங்களுக்கு 150 கிரேடு பெட்ரோல் கொடுத்து பூஸ்டை 25 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். திறன் ஏறக்குறைய 2000 குதிரைத்திறன். 27 லிட்டர் எஞ்சின், ஆறு வருஷத்துக்குள், கிட்டத்தட்ட இரு மடங்கு!

ஆனால் இந்த உச்ச பூஸ்டுக்கு ஐந்து நிமிஷம்தான் அனுமதி. ஆரம்பத்தில் 12 பவுண்டு பூஸ்டைப் பயன்படுத்திய விமானி இறங்கியதும் அதைச் சொல்லியாக வேண்டும், எஞ்சின் குறிப்பேட்டில் பதிவு ஏறும். அவசரத்துக்கு வாங்கிய கடனைப் பேரேட்டில் எழுதும் அதே ஒழுங்கு.

எந்த வரிசையில் செய்வது?

மெர்லினின் கதையிலேயே வழி இருக்கிறது. நம் கார்களுக்கு அதை இப்படி வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, காற்று வழி. சுத்தமான ஏர் ஃபில்டர், கசிவில்லாத ரப்பர் குழாய்கள், அடைப்பில்லாத புகைக்குழாய். செலவு குறைவு, பலன் நிச்சயம்.

இரண்டாவது, குளிர்ச்சி. நல்ல இன்டர்கூலர், அதற்கு எதிர்காற்று படும் இடம்.

மூன்றாவது, பெட்ரோல். அழுத்தமும் சூடும் எல்லை தாண்டினால், ஸ்பார்க் பிளக் கொளுத்திய தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். இதுதான் நாக்கிங். சிலிண்டருக்குள் சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும். ஆக்டேன் எண் என்பது இந்த அவசர வெடிப்பைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலை நம் நாட்டில் அறிமுகப்படுத்தியது. ஆனால் சாதாரணக் காரில் அதை ஊற்றினால் பணம் மட்டும்தான் வேகமாகப் போகும். உயர் ஆக்டேன் தானாகத் திறன் தராது, பூஸ்ட் ஏற்ற அனுமதி மட்டும் தரும்.

நான்காவது, பெட்ரோலின் அளவு. காற்று கூடினால் இன்ஜெக்டரும் பம்பும் அதற்கேற்பக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், பற்றவைக்கும் டைமிங்கும் மாற வேண்டும்.

கடைசியாகத்தான் புல்லி. கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், துருத்தியின் புல்லி 75 என்றால், எஞ்சின் 6000 சுற்று ஓடும்போது துருத்தி 12,000 சுற்று ஓடும். 75-ஐ 65 ஆக்கினால் துருத்தி 13,800-ஐத் தாண்டும். துருத்தியைச் செய்தவர் குறித்த உச்ச சுற்றை முதலில் பார்க்க வேண்டும். என் தொழில் அனுபவத்தில் இன்னொன்றும் சொல்கிறேன். புல்லி சிறுத்தால் பெல்ட் அதைத் தழுவும் இடமும் குறையும், பெல்ட் வழுக்கும். வழுக்கினால் அதிக வேகத்தில் பூஸ்ட் ஏறாமல் இறங்கும், ரப்பர் கருகும் வாசனை வரும். உடனே டென்ஷனரை இறுக்கிவிடுவார்கள், அடுத்து பேரிங் போகும். அகலமான, கூடுதல் வரிகள் கொண்ட பெல்ட்டும், தழுவலைக் கூட்ட ஒரு ஐட்லர் புல்லியும்தான் சரியான வழி.

வரிசை மாறினால் என்ன ஆகும்? எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்துப் பையன், பழைய வெளிநாட்டு சூப்பர்சார்ஜர் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினான். பெரிய நகரத்தில் ஒரு பட்டறையில் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார்கள். புல்லியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், பெட்ரோல் அளவைத் தொடவில்லை. மூன்று வாரம் வண்டி பறந்தது. பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் மூன்றாவது பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்து நின்றது. கையளவு அலுமினியம் மெழுகு போல உருகியிருந்தது, நானே பார்த்தேன். அவன் அப்பா வீடு கட்ட வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி அந்த எஞ்சினுக்குப் போயிற்று. பையன் உயிரோடு வீடு வந்ததே பெரிது என்று நாங்கள் எல்லோரும் சமாதானம் சொன்னோம்.

குழாயின் பலம்

இந்த ஊரில் இருந்துகொண்டு அழுத்தத்தைப் பற்றி எழுதும்போது ராக்கெட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து மைசூர் ராக்கெட்டின் ரகசியம் வெடிமருந்தில் மட்டும் இல்லை. மருந்தை அடைத்த குழாய் இரும்பு! அந்தக் காலத்தில் மற்ற இடங்களில் பெரும்பாலும் காகித அட்டைக் குழாய்தான். இரும்புக் குழாய் அதிக அழுத்தத்தைத் தாங்கியது, ஆகவே மருந்தை நெருக்கி அடைக்க முடிந்தது, ராக்கெட் தூரம் போயிற்று. 1780-ல் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் நடந்த போரில் ஆங்கிலேயர் இதன் சூட்டை உணர்ந்தார்கள். அந்தப் போரின் ஓவியத்தை இங்கே தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் பார்க்கலாம். 1799-ல் பட்டணம் விழுந்த பிறகு ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். வில்லியம் காங்கிரீவ் அங்கே செய்த ராக்கெட்டுகளுக்கு இவையே தூண்டுதல்.

குழாய் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மருந்து. எஞ்சினிலும் அதே கதை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஹெட் கேஸ்கட், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரு குறிப்பிட்ட திறனுக்காகச் செய்யப்பட்டவை. பிரேக்கும் டயரும்கூட அப்படியே. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சைச் சொன்னாரே, அதைவிடச் சுருக்கமாக இதை யாராலும் சொல்ல முடியாது.

சட்டமும் இதில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், வண்டியைச் செய்தவர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினில் கை வைத்தால் கம்பெனி வாரண்டி போகும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் வில்லங்கம் வரும். ஊர்விட்டு ஊர் வந்து கடை வைத்தும் வேலை பார்த்தும் சேர்த்த பணத்தில் கார் வாங்கும் நம் குடும்பங்கள் இதையும் கணக்கில் எழுத வேண்டும். வேக ஆசை தீர வேண்டுமென்றால், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் இருக்கிறது. பாதுகாப்போடு அங்கே ஓட்டிப் பார்க்கலாம்.

வீட்டில் மகனோ மகளோ "பூஸ்ட் ஏத்தணும்" என்று கேட்டால் உடனே கோபிக்க வேண்டாம். அந்த ஆசையிலிருந்துதான் ஹூக்கரைப் போன்றவர்கள் வந்தார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். காற்று எத்தனை டிகிரியில் உள்ளே போகிறது? அதற்கு ஈடான பெட்ரோல் எங்கிருந்து வருகிறது? உள்ளே இருக்கும் இரும்பு எவ்வளவு தாங்கும்? மூன்றுக்கும் எண்ணோடு பதில் சொல்கிற பிள்ளைக்கு ஸ்பானரை நம்பிக் கொடுக்கலாம். சொல்லத் தெரியாத பிள்ளையை என் கடைக்கு அனுப்பிவையுங்கள். புல்லி விற்க மாட்டேன், காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.